பிபி மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை: மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கிய ஒரு நிகழ்வு

கீழே உள்ளது தனி ஒருவரின் மருத்துவப் பதிவேடு அல்ல. பொது மருத்துவ வார்டுக்கு அடிக்கடி வந்துசேரும் ஒரு சிக்கலை, பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் படிப்பதற்காக ஒரே நோயாளியின் வடிவில் தொகுத்திருக்கிறோம். எண்கள் இந்தச் சிக்கலில் வழக்கமாகப் பார்க்கக் கிடைப்பவை.

வந்த நிலை

67 வயதுப் பெண். 11 ஆண்டாக ரத்த அழுத்தம், 6 ஆண்டாகச் சர்க்கரை. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. முதல் நாள் நான்கைந்து முறை வாந்தியும் இருந்தது. வந்த அன்று காலை கழிவறைக்குப் போக எழுந்தவர், கண் இருண்டு சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். முந்தைய நாள் மதியத்திலிருந்து இரண்டு முறைதான் சிறுநீர் போயிருக்கிறது. அதுவும் கொஞ்சம்தான், அடர் மஞ்சளாக.

படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 96/58, நாடி 104. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 78/50, நாடி 122. நாக்கு வறண்டிருந்தது. தட்டையாகப் படுத்தும் கழுத்துச் சிரை தெரியவில்லை. எடை 54.5 கிலோ, ஒரு மாதத்துக்கு முந்தைய சீட்டில் 58. ஆனால் இரண்டு கணுக்காலிலும் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தது. இந்த வீக்கம்தான் கண்ணைக் கட்டும். காலைப் பார்த்துவிட்டு 'உடம்பில் நீர் கூடியிருக்கிறது' என்று முடிவு செய்து, நீர் பிரிக்கும் ஃப்யூரோசிமைடு ஊசி போட்டால் மீதி இருக்கிற அழுத்தமும் போய்விடும். ரத்தக்குழாய்க்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைக் கணுக்கால் சொல்லாது. நின்று எடுத்த அழுத்தமும் கழுத்துச் சிரையும் சொல்லும்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 3.4 மி.கி. ஐந்து மாதத்துக்கு முன் அது 0.9. மூன்று மடங்கைத் தாண்டிவிட்டதால், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் இது கடைசி, அதாவது மூன்றாம் நிலை. யூரியா 148 மி.கி., சோடியம் 126, பொட்டாசியம் 6.2, பைகார்பனேட் 15 மில்லிமோல். ரத்தச் சர்க்கரை 142, லாக்டேட் 2.1. ஈ.சி.ஜி.யில் மார்பு லீட்களில் டி அலைகள் உயர்ந்து கூர்மையாக இருந்தன, பொட்டாசியம் மிகுந்ததன் அடையாளம் அது; கியூ.ஆர்.எஸ். அகலம் இயல்பு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சரியான அளவு, அடைப்பு இல்லை, சிறுநீர்ப்பை கிட்டத்தட்டக் காலி. சிறுநீரில் புரதமும் ரத்த அணுவும் இல்லை.

சிறுநீர்ச் சோடியம் 46 மில்லிமோல் என்று வந்தது. உடலில் நீர் வற்றியவருக்கு அது 20க்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் சிறுநீரகக் குழாய்களே சிதைந்துவிட்டனவோ என்று தோன்றும். ஆனால் இவர் அன்று காலையிலும் நீர் மாத்திரை விழுங்கியிருக்கிறார். சோடியத்தை வெளியே தள்ளும் மருந்து உள்ளே இருக்கும்போது சிறுநீர்ச் சோடியத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த இடத்தில் யூரியாவின் வெளியேற்ற விகிதம் உதவும். சிறுநீர் யூரியா 900, சிறுநீர்க் கிரியாட்டினின் 84. 900ஐ 3.4ஆல் பெருக்கி, 148ஐ 84ஆல் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் சுமார் 25%. 35%க்குக் கீழ் என்றால் குழாய்கள் இன்னும் வேலை செய்கின்றன, வடிகட்டுவதற்குப் போதிய அழுத்தம்தான் வரவில்லை என்று பொருள்.

மாத்திரைப் பை

மருந்துச் சீட்டைக் கேட்டால் நான்கு மாத்திரை. பையைக் கொட்டச் சொன்னால் ஐந்து.

டெல்மிசார்ட்டன் 40 மி.கி.யும் ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி.யும் சேர்ந்த பிபி மாத்திரை, காலை ஒன்று. ஃப்யூரோசிமைடு 40 மி.கி., காலை ஒன்று. அம்லோடிபின் 10 மி.கி., இதுவும் பிபிக்கு, இரவு ஒன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி., இரண்டு வேளை. ஐந்தாவது, சீட்டில் இல்லாத அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. கூட்டு மாத்திரை. "முட்டி வலிக்கு ஒரு அட்டை குடுங்க தம்பி" என்று மெடிக்கலில் வாங்கியது. கடைசி 10 நாளாக இரண்டு வேளை. நோயாளியின் கணக்கில் அது மருந்தே இல்லை, வலிக்குப் போடுவது. 'வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'மூட்டு வலி, தலைவலி, இடுப்பு வலிக்கு எதுவும் போடுவீங்களா?' என்று வலியின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் மாத்திரையிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவில் விற்கும் கூட்டு மாத்திரைகளில் தையசைடு வகை நீர் மாத்திரை சேர்ந்திருப்பதைப் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும் 'எச்' என்ற ஓர் எழுத்துதான் காட்டுகிறது. அவசரத்தில் அந்த எழுத்து கண்ணில் படாமல் போனால், நோயாளி ஏற்கெனவே ஒரு நீர் மாத்திரையில் இருக்கிறார் என்பது தெரியாமலே இரண்டாவது நீர் மாத்திரை எழுதப்படும். இவருக்கு நடந்தது அதுதான்.

ஒரு மாத்திரை அடுத்த மாத்திரையைக் கொண்டுவந்த விதம்

ஐந்து மாதமாக முட்டி வலி. அப்போதெல்லாம் வலி மாத்திரை விட்டு விட்டுத்தான். மூன்று மாதத்துக்கு முன் போன பரிசோதனையில் ரத்த அழுத்தம் 158/92. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் 130களில் இருந்தது ஏன் ஏறியது என்ற கேள்வி எழவில்லை. அம்லோடிபின் 5 மி.கி. 10 ஆனது.

வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 3 முதல் 5 புள்ளிகள் உயர்த்தும். நீர் மாத்திரையும் டெல்மிசார்ட்டன் வகை மருந்தும் எடுப்பவர்களிடம் ஏற்றம் இன்னும் அதிகமாகத் தெரியும். அந்த மருந்துகளின் வேலையில் ஒரு பகுதியை வலி மாத்திரை தடுத்துவிடுவதே காரணம். அப்போதே வலி மாத்திரையை நிறுத்தியிருந்தால் அம்லோடிபினைக் கூட்ட வேண்டியிருந்திருக்காது.

அம்லோடிபின் 10 மி.கி. தொடங்கி ஆறு வாரத்தில் கணுக்கால் வீங்கியது. இது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடக் கூட வரும், பெண்களிடம் கூடுதலாக வரும். அம்லோடிபின் நுண்தமனிகளின் சுவர்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து அவற்றை விரிக்கிறது. சிரைப் பக்கம் அந்த அளவுக்கு விரிவதில்லை. வரும் வழி அகலமாகி, போகும் வழி பழையபடியே இருப்பதால் தந்துகிகளில் அழுத்தம் ஏறி, நீர் சுவர் வழியே திசுவுக்குள் கசிகிறது. பகலெல்லாம் நிற்கும் காலில் அது சேர்கிறது. இங்கே உடல் உப்பையும் நீரையும் கூடுதலாகச் சேமிக்கவில்லை. அதனால் நீர் மாத்திரை கொடுத்தால் ரத்தக்குழாயில் உள்ள நீர் குறையுமே தவிர, கால் பெரிதாக வற்றாது. சரியான வழி அம்லோடிபினை 5க்குக் குறைப்பது. இவருக்கோ ஃப்யூரோசிமைடு 40 மி.கி. சேர்க்கப்பட்டது. சேர்த்த பின் கிரியாட்டினினோ பொட்டாசியமோ சோதிக்கப்படவில்லை.

முட்டி வலி கூடியதும் வலி மாத்திரை தினசரி ஆனது. பத்தாம் நாளை நெருங்கும்போது வயிற்றுப்போக்கு.

நீர் மாத்திரை எங்கே பிடிக்கிறது

ஒரு நாளில் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதோடு வெளியே வரும் சோடியம் 25,000 மில்லிமோல். உப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இதில் 99%க்கு மேல் திரும்ப உறிஞ்சப்படுவதால்தான் நாம் ஒன்றரை லிட்டர் சிறுநீரோடு தப்பிக்கிறோம். உறிஞ்சும் வேலையில் முதல் குழாய்ப் பகுதி 65% வரை செய்துவிடுகிறது. ஹென்லி வளைவின் தடித்த மேலேறும் பகுதி 25%. அதற்கடுத்த தொலைக் குழாய் 5 முதல் 7%. கடைசியில் சேகரிப்புக் குழாய் மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

ஃப்யூரோசிமைடு ஹென்லி வளைவில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் கடத்தியை அடைக்கிறது. 25% கையாளும் இடம் என்பதால் விளைவு பெரிது: விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் கொட்டும், ஆறு மணி நேரத்தில் ஓயும். ஓய்ந்த பிறகு மீதி நாள் முழுக்கச் சிறுநீரகம் இழந்த உப்பைப் பதுக்கப் பார்க்கும். இதய நோயால் உடலில் நீர் கோத்திருப்பவருக்கு இது தேவையான மருந்து. சிறுநீரகம் நன்றாக உள்ளவரின் ரத்த அழுத்தத்துக்கு, நாளைக்கு ஒரு வேளை ஃப்யூரோசிமைடு பொருத்தமான மருந்தல்ல.

தையசைடு தொலைக் குழாயில் சோடியம்-குளோரைடு கடத்தியை அடைக்கிறது. 5 முதல் 7%தான் என்பதால் ஆர்ப்பாட்டம் இல்லை. தொடங்கிய சில நாளில் ரத்தத்தின் நீரளவு கொஞ்சம் குறைந்து அழுத்தம் இறங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் நீரளவு ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அழுத்தமோ இறங்கியபடியே இருக்கும். அதற்குள் நுண்தமனிகளின் இறுக்கம் தளர்ந்திருக்கும். 'நீர் பிரிவதில்லையே, இந்த மாத்திரை வேலை செய்யவில்லை' என்று தையசைடை நிறுத்துபவர்கள் உண்டு. அந்த மாத்திரையின் வேலையை அளக்க வேண்டியது கழிவறையில் அல்ல, பிபி கருவியில்.

இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் விளைவு கூட்டலாக நிற்காது, அதற்கு மேலும் போகும். ஹென்லி வளைவில் தப்பிய சோடியத்தை வழக்கமாகத் தொலைக் குழாய் முடிந்தவரை பிடித்துக்கொள்ளும். தையசைடு அந்தக் கதவையும் மூடிவிடுகிறது. ஃப்யூரோசிமைடுக்கு மசியாத இதயச் செயலிழப்பில் இந்தக் கூட்டை வேண்டுமென்றே பயன்படுத்துவோம், தினமும் எடையும் உப்புகளும் பார்த்துக்கொண்டு. இவர் அதே கூட்டை யாருக்கும் தெரியாமல் ஒன்றரை மாதமாக வீட்டில் எடுத்திருக்கிறார்.

இரண்டு மடைகள்

வடிகட்டும் முடிச்சுக்குள் ரத்தம் ஒரு நுண்தமனி வழியாக வந்து, இன்னொரு நுண்தமனி வழியாக வெளியேறுகிறது. வயலுக்கு நீர் வரும் மடையும் வடியும் மடையும் போல என்று வைத்துக்கொள்ளலாம். வயலில் நீர் மட்டம் இரண்டு மடையையும் பொறுத்தது. வாய்க்காலில் நீர் குறைந்தால் வரும் மடையை அகலத் திறந்து, வடியும் மடையைக் குறுக்கினால் மட்டம் நிற்கும்.

சிறுநீரகம் இதைத்தான் செய்கிறது. ரத்த அழுத்தம் விழும்போது வரும் மடையைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். வடியும் மடையைக் குறுக்குவது ஆஞ்சியோடென்சின் 2. இந்த இரண்டும் இருக்கும்வரை, மேலழுத்தம் 90க்கு அருகே இறங்கினாலும் வடிகட்டல் ஓரளவு நடக்கும்.

அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபேன் எல்லாம் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துபவை. வலி குறைவதற்கும் அதுவே காரணம், வரும் மடை சுருங்குவதற்கும் அதுவே காரணம். டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சின் 2 உட்காரும் ஏற்பியை மறிக்கிறது. எனலாபிரில், ராமிபிரில் வகை ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதையே தடுக்கிறது. எந்த வழியானாலும் வடியும் மடை திறந்தே கிடக்கும். இயல்பான நாளில் அது நன்மை. முடிச்சுக்குள் அழுத்தம் குறைவதால், சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகம் நீண்ட நாள் உழைக்கும். நீர் வற்றிய நாளில் அதே குணம் எதிராகத் திரும்புகிறது. வாய்க்காலில் நீரைக் குறைத்தது இரண்டு நீர் மாத்திரையும் வயிற்றுப்போக்கும்.

மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் சிறுநீரகம் சமாளித்திருக்கும். இந்த முக்கூட்டுக்கு 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை 'டிரிபிள் வாமி' (மும்முனை அடி) என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிரிட்டனில் ரத்த அழுத்த மருந்து எடுக்கும் 4,87,372 பேரின் பதிவுகளை வைத்து 2013இல் பி.எம்.ஜே. இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. வலி மாத்திரையோடு ஒரே ஒரு வகை மருந்து சேர்ந்தவர்களிடம் சிறுநீரகப் பாதிப்பு கூடவில்லை. மூன்றும் சேர்ந்தவர்களிடம் 31% கூடுதல். அதிலும் முதல் 30 நாளில் 82% கூடுதல். ஆண்டுக்கணக்கில் எடுப்பவரைவிட, புதிதாக ஓர் அட்டை வாங்கிப் போகிறவர்தான் கவனிக்கப்பட வேண்டியவர் என்பது அந்த எண்ணிலிருந்து தெரிகிறது.

பொட்டாசியம் ஏன் ஏறியது, சோடியம் ஏன் இறங்கியது

இரண்டு நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை. வயிற்றுப்போக்கும் அப்படியே. இவருக்குப் பொட்டாசியம் 3க்குக் கீழ் இருந்திருக்க வேண்டும், இருந்தது 6.2. மாணவர்கள் இந்த இடத்தில் ஆய்வகத் தவறு என்று சந்தேகிப்பது நியாயம்தான். ரத்த மாதிரி சிதைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஆனால் ஈ.சி.ஜி. பொய் சொல்லவில்லை.

பொட்டாசியம் வெளியேற மூன்று வேண்டும்: வடிகட்டல், கடைசிக் குழாய்வரை வந்துசேரும் சோடியமும் நீரும், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். வடிகட்டல் விழுந்துவிட்டது. அதனால் குழாய்க் கடைசிக்குப் போதிய ஓட்டம் வரவில்லை. ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்வது ஆஞ்சியோடென்சின் 2. டெல்மிசார்ட்டன் அதை மறித்திருக்கிறது. வலி மாத்திரை இன்னும் மேலே போய், ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தொடங்கிவைக்கும் ரெனின் சுரப்பையே குறைக்கிறது. போதாததற்கு அமிலத்தன்மை, செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே கொண்டுவருகிறது.

இதற்கு மேல் இளநீர். மூன்று நாளும் நாளைக்கு மூன்று இளநீர் கொடுத்திருக்கிறார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீட்டில் இருந்தும் பிரிக்கவில்லை. "அதுல உப்பு இருக்கே, அம்மாவுக்குப் பிரஷர் ஏறிடாதா?" என்பது மகளின் கேள்வி. கேள்வி நியாயமானது, விடை தலைகீழ். இளநீரில் பொட்டாசியம் லிட்டருக்கு 50 மில்லிமோலைச் சுற்றி இருக்கும், காய்க்குக் காய் மாறும். சோடியம் மிகக் குறைவு. வயிற்றுப்போக்கில் போவது பெரும்பாலும் சோடியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75, பொட்டாசியம் 20 மில்லிமோல். வெளியே போகிற உப்பை ஈடுகட்டத்தான் அந்த அளவு. நீர் வற்றி அழுத்தம் விழுந்திருக்கும்போது அது பிரஷரை ஏற்றி நோய் உண்டாக்காது.

உப்பில்லாக் கஞ்சி, வெறும் வெந்நீர், இளநீர் என்றே குடித்ததில் சோடியமும் இறங்கியது. அதில் தையசைடுக்குப் பெரும் பங்கு உண்டு. ஃப்யூரோசிமைடு ஹென்லி வளைவை அடைப்பதால், சிறுநீரகத்தின் உட்பகுதியில் நீரை இழுக்கும் உப்புச் செறிவு கலைந்துவிடும். உடல் நினைத்தாலும் நீரை அதிகம் பிடித்துவைக்க முடியாது. தையசைடு அந்தச் செறிவைத் தொடுவதில்லை. நீர் வற்றியதும் சுரக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் முழு பலத்தோடு நீரைப் பிடிக்கும், சோடியம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் தையசைடால் சோடியம் இறங்கி வருகிறவர்களில் எடை குறைந்த வயதான பெண்கள் அதிகம்.

முதல் 24 மணி நேரம்

ஐந்து மாத்திரையும் நிறுத்தம். கால்சியம் குளூகோனேட் 10% கரைசல் 10 மி.லி., ஐந்து நிமிடத்தில் சிரை வழியே. இது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத் தசையைக் காக்கும், அவ்வளவே. பத்து நிமிடம் கழித்து எடுத்த ஈ.சி.ஜி.யில் டி அலை தாழ்ந்தது. தாழாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அடுத்து, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள, 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யோடு சாதா இன்சுலின் 10 யூனிட். சிறுநீரகம் முடங்கியவரிடம் இன்சுலின் நெடுநேரம் தங்கும். அதனால் ஆறு மணி நேரம் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். மூன்றாம் மணியில் 74க்கு இறங்கியது, 25% டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லி. மீண்டும் கொடுக்கப்பட்டது. ஒரு மணியோடு பார்ப்பதை விட்டிருந்தால் அது தெரிந்திருக்காது.

எடைக் கணக்கின்படி சுமார் மூன்றரை லிட்டர் குறைவு. முதல் மணி நேரத்தில் நார்மல் சலைன் 500 மி.லி.; நுரையீரல் அடிப்பகுதியைக் கேட்டு, கழுத்துச் சிரையைப் பார்த்து, அடுத்த 500. ஒரு லிட்டருக்குப் பின் ரிங்கர் லாக்டேட். அதில் பொட்டாசியம் 4 மில்லிமோல் இருக்கிறது என்று தயங்குவார்கள். 6.2 உள்ள ரத்தத்தில் 4 உள்ள திரவத்தை ஏற்றினால் பொட்டாசியம் ஏறாது. பைகார்பனேட் 15 உள்ளவருக்குச் சலைனையே தொடர்ந்து ஏற்றினால் குளோரைடு மிகுந்து அமிலத்தன்மை கூடும். அதனால்தான் பொட்டாசியம் ஏறும். 

அழுத்தம் உடனே நிமிரவில்லை. நிறுத்திய மாத்திரை அன்றே உடலை விட்டுப் போவதில்லை: டெல்மிசார்ட்டன் பாதியாகக் குறைய ஒரு நாள் ஆகும், அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். ஐந்தாவது மணியில் மேலழுத்தம் 108. சிறுநீர் மணிக்கு 35 மி.லி. வரத் தொடங்கியது.

பதினான்காம் மணியில் சிறுநீர் திடீரென மணிக்கு 220 மி.லி. நல்ல செய்திதான், கூடவே ஓர் ஆபத்தும் உண்டு. நீர் நிரம்பியதும் ஏ.டி.எச். சுரப்பு நின்றுவிடும், வெறும் நீர் போன்ற சிறுநீர் கொட்டி, ரத்தச் சோடியம் விரைந்து ஏறும். அப்படி ஏறினால் மூளைத் தண்டு நரம்புகளின் உறை சிதைய வாய்ப்புண்டு. 126இல் தொடங்கியவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. 120க்குக் கீழ் வருபவர்களிடமே அது உண்மையான அச்சம். இருந்தும் 24 மணி நேரத்தில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறவிடுவதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆறாம் மணியில் சோடியம் 128, பதினான்கில் 132. டிரிப்ஸ் வேகத்தைக் குறைத்து, 5% டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. கொடுத்ததில் 24ஆம் மணியில் 133இல் நின்றது. பொட்டாசியம் 4.9.

கிரியாட்டினின் இரண்டாம் நாள் 2.6, மூன்றாம் நாள் 1.7, ஐந்தாம் நாள் 1.2, இரண்டு வாரத்தில் 1.0. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. நீர் ஏற்றி 48 முதல் 72 மணி நேரத்தில் கிரியாட்டினின் இறங்காவிட்டால், குழாய்களும் சேதமாகிவிட்டன என்று எண்ணிச் சிறுநீரக மருத்துவரின் கையில் விட வேண்டும்.

எதை, எப்போது திரும்பத் தொடங்கினோம்

அழுத்தம் மூன்றாம் நாள் 138/82, ஏழாம் நாள் 152/90. ஏழாம் நாள் அம்லோடிபின் 5 மி.கி. மட்டும். அது வடியும் மடையைத் தொடாது, பொட்டாசியத்தையும் ஏற்றாது. முதலில் திரும்பக் கொடுக்க அதைவிடப் பத்திரமான மருந்து இவர் பட்டியலில் இல்லை. இரண்டு வாரத்தில், கிரியாட்டினின் 1.0, பொட்டாசியம் 4.4 என்று உறுதியான பின் டெல்மிசார்ட்டன் 40 மி.கி. தனி மாத்திரையாக.

பலர் இந்த இடத்தில் தவறுகிறார்கள். சிறுநீரகம் கெட்டது டெல்மிசார்ட்டனால் என்று வாழ்நாள் முழுக்கத் தடை எழுதிவிடுகிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்தவருக்கு அது இழப்பு. தொடங்கி ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தால் போதும். கிரியாட்டினின் 30% வரை ஏறி நின்றால் ஏற்கலாம். வடியும் மடை திறந்ததன் அடையாளம் அது. அதைத் தாண்டினாலோ பொட்டாசியம் 5.5ஐக் கடந்தாலோ அளவைக் குறைத்துக் காரணம் தேட வேண்டும். இவருக்குக் கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 4.7.

ஹைட்ரோகுளோரோதையசைடு திரும்பத் தரப்படவில்லை. தையசைடால் ஒருமுறை சோடியம் இறங்கியவருக்கு மறுபடி இறங்கும். குளோர்தாலிடோன், இன்டபமைடு என்று பெயர் மாற்றினாலும் அதே கதை. ஃப்யூரோசிமைடுக்குத் தேவையே இருக்கவில்லை. அம்லோடிபின் 5க்கு வந்த மூன்றாம் வாரத்தில் கணுக்கால் வற்றிவிட்டது. மெட்ஃபார்மின் கிரியாட்டினின் 1.0க்கு வந்ததும் தொடங்கப்பட்டது. முட்டிக்குத் தேவைப்படும்போது பாராசிட்டமால் 650 மி.கி., நாளைக்கு நான்குக்கு மிகாமல். மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், அது ரத்தத்தில் சேர்வது சொற்பம். தொடைத் தசைப் பயிற்சி தினமும்.

வீட்டுக்கு எழுதிக் கொடுத்தது

வயிற்றுப்போக்கு, வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின் இரண்டையும் நிறுத்தி வைக்கவும். ஒரு நாள் முழுக்க வழக்கம்போல் சாப்பிட்டுக் குடித்த பிறகு தொடங்கவும். இரண்டு நாளுக்கு மேல் நீண்டால் மருத்துவரிடம் வரவும். இந்த 'நோய்நாள் விதி'க்கு வலுவான ஆய்வுச் சான்று இன்னும் இல்லை, மருந்துகள் வேலை செய்யும் முறையிலிருந்து எடுத்த முடிவு அது. நாங்கள் எழுதித் தருகிறோம். ஆனால் எல்லாருக்கும் ஒரே தாளை நீட்டக் கூடாது. இதயச் செயலிழப்பு உள்ளவர் நீர் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் மூச்சுத்திணறலோடு வருவார். அட்டெனலால், மெட்டோபிரோலால், குளோனிடின் எடுப்பவர் பட்டென நிறுத்தினால் அழுத்தமோ நாடியோ எகிறும். எந்த மாத்திரை என்று பெயர் எழுதியே கொடுக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவு நீரில் மட்டும் கரைக்கவும். பிபி இருந்தாலும் குடிக்கலாம். வலி அட்டையை மெடிக்கலில் கேட்டு வாங்க வேண்டாம். கடையில் பிபி மாத்திரைச் சீட்டைக் காட்டவும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறைக்கவும், ஆனால் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதை வாங்க வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், டெல்மிசார்ட்டனோடு சேராது.

மூன்று மாதம் கழித்து வீட்டு அளவுகளின் சராசரி 144/84. மூன்றாவது மருந்து சேர்க்கும் முன் மாத்திரைப் பை மறுபடி கொட்டிப் பார்க்கப்பட்டது. வலி மாத்திரை இல்லை. டெல்மிசார்ட்டன் 80 மி.கி. ஆக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் 1.1, பொட்டாசியம் 4.8, சோடியம் 137, வீட்டுச் சராசரி 132/78. அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்தில்.